பேறுகால விடுப்பு: யாருக்கு, எத்தனை நாள், யார் செலவில்?

பிள்ளை பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு தர வேண்டும் என்ற சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1929-லும் சென்னை மாகாணத்தில் 1934-லும் வந்தது. நாடு முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. அது தந்த 12 வாரத்தை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன.

தொழிற்சாலை, தோட்டம், சுரங்கம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடை, அலுவலகம் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. பிரசவத் தேதியாக மருத்துவர் குறித்துத் தரும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 26 வாரத்தில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வாரம் உண்டு.

பணக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1967-ல் தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. அப்போது விடுப்பு 12 வாரம். ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி கிடையாது என்பதால் நிர்வாகம் 12 ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது. வாரம் என்றால் ஏழு நாள், எனக்கு 84 நாள் கூலி வர வேண்டும் என்று அவர் கேட்டார். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் அவர் பக்கம் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பின்படி இன்று 26 வாரம் என்பது 182 நாள். தினமும் 500 ரூபாய் கூலி பெறுபவருக்கு 91,000 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்தால் அதில் 13,000 ரூபாய் போய்விடும். எஸ்டேட் தொழிலாளி ஒருவரின் பிடிவாதம் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட எல்லாத் தாய்மாருக்கும் சேர்த்து வாங்கித் தந்த தொகை அது.

விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் அவரிடம் வேலை வாங்குவதே குற்றம். திரும்பி வந்தபின், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு முறை இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். வேலையில் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது.

நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமே இவை பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலிக்குச் சாலை வேலை செய்த பெண்களுக்கும் பேறுகால விடுப்பு உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் விடுப்பு ஓராண்டு. இதற்கும் இரண்டு குழந்தை வரம்பு உண்டு. தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் மணத்தில் இரண்டு குழந்தைகள். இரண்டுமே அவர் பணியில் சேர்வதற்கு முன் பிறந்தவை, தந்தையிடம் வளர்பவை. மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தையை மூன்றாவதாகக் கணக்கிட்டு விடுப்பை மறுத்தார்கள். பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்க உத்தரவிட்டது.

இந்தியச் சட்டத்தின் பெரிய குறை பணம் வரும் வழியில் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் பெற்று இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்குப் பணம் அந்த நிதியிலிருந்து வந்துவிடும். மற்றவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். அதனால் புதிதாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குகிற நிறுவனங்கள் உண்டு. இந்தச் சுமையில் பெரும் பங்கை அரசே ஏற்பது நியாயம் என்று 1928-லேயே பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேசினார். முதலாளியை முற்றிலும் விடுவிக்கவும் அவர் ஒப்பவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டாகியும் சம்பள விடுப்பில் அந்த யோசனை நிறைவேறவில்லை.

வீட்டு வேலை, வயல் வேலை, சித்தாள் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சம்பள விடுப்பு கைக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் கிடைக்கிறது. அது தவணைகளில் வரும் உதவித்தொகை. இழந்த கூலிக்கு ஈடாகாது.

அப்பாக்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கஞ்சத்தனம் காட்டுகிறது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. நிறுவனமாகப் பார்த்துக் கொடுத்தால்தான். தந்தையர் விடுப்புக்குச் சட்டம் தேவை என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, காவல் ஆய்வாளர் ஒருவரின் விடுப்பு வழக்கில் கூறியது. பிள்ளை பிறந்தால் ஆணும் விடுப்பில் போவான் என்ற நிலை வந்தால், பெண்ணை மட்டும் செலவாகக் கணக்கிட முதலாளிக்குக் காரணம் குறையும்.