கோயிலில் கம்ப்யூட்டர், கடற்கரையில் ஒலிபெருக்கி! - ஸ்டார்ட்அப் இளைஞர்களுக்கு ஒரு புதுச்சேரி பாடம்

நாலு இன்ஜினீயர்கள் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கும்? ஆப்புக்கு என்ன பெயர் வைக்கலாம், யார் முதலீடு தருவார்கள், எத்தனை பேர் டவுன்லோடு செய்வார்கள்... இப்படித்தான் பெரும்பாலும் ஓடும். அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் ‘உங்களுக்கு என்னங்க வேணும்?’ என்று கேட்பது கடைசி வேலையாகிவிடும். பல நேரம் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள்.

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்ட ஒரு முயற்சி புதுச்சேரி கிராமங்களில் நடந்தது. ஆண்டு 1998. ஸ்மார்ட்போன் கிடையாது. கூகுள் நிறுவனமே அந்த வருடம்தான் பிறந்தது.

கேட்டார்கள், பிறகு கட்டினார்கள்

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் சென்னை ஆராய்ச்சி நிறுவனம், கனடா அரசு சார்ந்த ஆராய்ச்சி மையம் ஒன்றின் நிதியுதவியோடு ‘தகவல் கிராமம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமையகம். சுற்றியுள்ள கிராமங்களில் சிறு சிறு தகவல் மையங்கள்.

கம்ப்யூட்டரை இறக்குவதற்கு முன், இந்த ஊர்க்காரர்கள் யாரிடம் விஷயம் கேட்கிறார்கள், எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்று விசாரித்தார்கள். வந்த தேவைகள் எல்லாம் அன்றாட வாழ்க்கை சார்ந்தவை. இன்றைக்கு நெல் என்ன விலை, அரசு உதவித் திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, மாட்டு டாக்டர் எங்கே இருக்கிறார், பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டதா?

அன்று கிராமங்களில் டெலிபோன் இணைப்பு அரிது. இருந்தாலும் பாதி நேரம் வேலை செய்யாது. அதனால் ஊருக்கு ஊர் வயர்லெஸ் ரேடியோ வழியாகத் தகவலை அனுப்பினார்கள். கரன்ட் போனால் என்ன செய்வது? சோலார் பேனல் வைத்தார்கள். கையில் இருப்பதை வைத்துக் காரியம் முடிக்கும் இன்ஜினீயரிங் அது.

கிராமத்துக்கும் பொறுப்பு இருந்தது. மையத்துக்கு வாடகையில்லா இடத்தை ஊர்தான் தர வேண்டும். நடத்தும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களே. இன்னொரு நிபந்தனை எல்லாவற்றையும்விடப் பெரியது: எந்தச் சாதிக்காரர் வந்தாலும் உள்ளே விட வேண்டும்.

ஒரே கோயில், இரண்டு வாசல்

ஏம்பலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த இடம், கோயிலின் ஒரு பகுதி. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று சன்னிதிக்குப் போகும். தாழ்த்தப்பட்ட மக்களும் மாதவிலக்கான பெண்களும் அதன் வழியே போக முடியாது என்பது அன்றைய வழக்கம். இன்னொரு வாசல் கம்ப்யூட்டர் அறைக்குப் போகும். அதில் யாரும் போகலாம். 2000-ம் ஆண்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை இந்த இரண்டு வாசல்களைப் பற்றி விரிவாகவே எழுதியது.

அங்கே அரிசி விலையும் கிடைக்கும். அன்றைய நல்ல நேரமும் கிடைக்கும். ஏழைக் குடும்பம் ஒன்றின் ஒரே கறவைப் பசு, கன்று ஈன முடியாமல் நாள்கணக்கில் தவித்தபோது, மையத்தில் இருந்த கால்நடை மருத்துவர் பட்டியலைப் பார்த்துத்தான் டாக்டரை வரவழைத்தார்கள். பசு பிழைத்தது. பால் விற்றுப் பிழைக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய டெக்னாலஜி என்ன வேண்டும்?

இன்று அலை எவ்வளவு உயரம்?

ஆடித் தேருக்குப் பேர்போன வீராம்பட்டினத்தில் தேவை வேறு. அங்கே இருப்பவர்கள் மீனவர்கள். கடலுக்குப் போகலாமா, கூடாதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வங்கக் கடலில் அலை உயரமும் காற்றின் திசையும் எப்படி இருக்கும் என்ற கணிப்பு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை எடுத்துத் தமிழாக்கி, கடற்கரைக் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது காதில் விழுந்தது. செயற்கைக்கோள் தந்த தகவலின் கடைசி நூறு மீட்டரைக் கடக்க, கல்யாண வீட்டில் கட்டும் ஒலிபெருக்கியே போதுமானதாக இருந்தது.

2004, டிசம்பர் 26

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ கிராமத்திலும் இதே திட்டத்தின் மையம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்கு போன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் பதறினார்கள். உடனே எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர்.

தகவல் மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போனவர்கள், தினமும் அலை நிலவரம் வாசிக்கும் அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஊர் முழுக்க எழுந்து ஓடியது. சுமார் 150 வீடுகள், 200 படகுகள் நாசமாயின. ஆனால் அங்கே வாழ்ந்த 3,600-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள். அதே நாளில் காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அன்று நம் நாட்டில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது 2007-ல்தான். நல்லவாடு ஒலிபெருக்கியும் சுனாமிக்காக வைக்கப்பட்டதல்ல. தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி என்பதால்தான், அதில் வந்த குரலைச் சந்தேகப்பட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை.

இன்று என்ன மாறியிருக்கிறது?

அலை நிலவரம் இப்போது உள்ளங்கைக்கே வந்துவிட்டது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமே மீனவர்களுக்காக ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ என்ற ஆப்பை வெளியிட்டிருக்கிறது. அலை, காற்று, மீன் கிடைக்கும் பகுதி எல்லாமே அதில் வரும். மீன் வாங்கினால் க்யூஆர் கோடில் பணம் போகிறது.

ஆனால், வசதி கூடக்கூட இரைச்சலும் கூடியிருக்கிறது. புயல் என்றால் நூறு வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகள். அதில் எது உண்மை என்று தேடுவதற்குள் மழை வந்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. சார்ஜ் இல்லாத போனில் எவ்வளவு அழகான ஆப் இருந்தும் பயனில்லை.

ஸ்டார்ட்அப் கனவோடு இருக்கும் இளம் இன்ஜினீயர்கள் இந்தப் பழைய திட்டத்திலிருந்து சில கேள்விகளைக் கடன் வாங்கலாம். கரன்ட் போனால் இது வேலை செய்யுமா? படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பயன்படுமா? ஊரில் யார் யார் இதை நெருங்க முடியாமல் போவார்கள்? நாளை நாம் இடத்தைக் காலி செய்தால், ஊர்க்காரர்களே இதை நடத்துவார்களா?

இவற்றுக்கெல்லாம் பதில் லேப்டாப்பில் கிடைக்காது. விடியற்காலையில் மீன் இறங்கும் கரைக்கோ, மதியம் ரேஷன் கடை வரிசைக்கோ போய், நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தால் கிடைக்கும்.