தோனியும் கிர்மானியும்: கையுறையை மட்டும் பார்த்தால்

எங்க ஆலங்குளத்துல கீப்பர்னா தோனிதான். 2025-ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது நியாயமே. ஆனால் அதுவரை சையது கிர்மானிக்கு அங்கே இடமில்லை.

டெஸ்ட் கணக்கைப் பாருங்க. தோனி: 90 ஆட்டம், 256 கேட்ச், 38 ஸ்டம்பிங். கிர்மானி: 88 ஆட்டம், 160 கேட்ச், அதே 38 ஸ்டம்பிங்.

கேட்சில் 96 வித்தியாசம். ஆனா கீப்பருக்கு அதிகம் கேட்ச் தருவது வேகப்பந்து எட்ஜ். கிர்மானியின் தொடக்க வருஷங்களில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன்னு சுழல்தான் பிரதானம். கபில்தேவ் வந்ததே 1978-ல்.

பேட்டிங்கிலும் கேப்டன்சியிலும் தோனி தனி உயரம். கையுறையை மட்டும் எடைபோட்டால் கிர்மானி சளைத்தவரில்லை. 1983 உலகக் கோப்பையின் சிறந்த கீப்பர் அவர்தான். அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி போடணும் என்பது என் கட்சி.