ஏரி உளுவையும் மீன் குஞ்சு வளர்ப்பும்

திண்டிவனத்திற்கு வடக்கேயுள்ள ஒலக்கூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்புவதும், கோடையில் நீர் வற்றுங்கால் மீன் பிடிப்பதும் வழக்கமாகும். அப்பொழுது சேற்றோடு வலையில் அகப்படும் சிறு மீன்களுள் உளுவையும் ஒன்று. விலை குறைந்ததென்று பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. கெண்டை வளர்ப்போரோ இதனைப் பகையெனக் கருதுகின்றனர். இவ்விரண்டும் முழுதும் சரியல்ல.

உளுவையின் உடல் நீண்டு உருண்டது. கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். பக்கங்களில் கரிய திட்டுகள் வரிசையாகக் காணப்படும். வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் இணைந்து கிண்ணம் போலமைந்திருப்பதே இவ்வினத்தின் அடையாளம். 1822-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இதனை விவரித்தார். ஹவாய்த் தீவுகளின் ஓடைகளில் வாழும் இதன் உறவினங்கள் சில, அக்கிண்ணத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு அருவியிலும் ஏறவல்லவை. நம் உளுவையோ நன்னீரிலும் உப்பங்கழியிலும் அடித்தரையைச் சார்ந்து வாழ்ந்து, நீர்ப்பூச்சிகளையும் சிறு இறால்களையும் மீன் குஞ்சுகளையும் உண்பது.

இங்ஙனம் குஞ்சுகளை உண்பதே தொல்லைக்குக் காரணம். கட்லா, ரோகு முதலியவற்றின் மிகச் சிறிய குஞ்சுகளை ஏரியில் விடின், உளுவையும் விராலும் அவற்றுள் பலவற்றை இரையாக்கிவிடும். பின்னர் மீன் காணவில்லையென்று வருந்துவோர் சிலர், ஏரி நீரில் நஞ்சு கலக்கத் துணிகின்றனர். அது பெருந்தீங்கு. நஞ்சு உளுவையை மட்டும் தேடிக் கொல்வதில்லை. வளர்ப்பு மீனையும் கொல்லும். அந்நீரைக் குடிக்கும் கால்நடைக்கும் கேடாகலாம். நீர்நிலையில் நஞ்சிட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமும் குற்றமென விலக்கியுள்ளது.

செய்யத்தக்கது வேறு. குஞ்சுகளை முதலில் தனியான சிறு குளத்தில் வளர்த்தல் வேண்டும். அக்குளத்தை முன்னரே வற்றவிட்டுக் காயவைப்பின் உளுவை முதலியன ஒழியும். நீர் புகும் வாயிலில் நெருங்கிய கண்ணுள்ள வலை கட்டின் மீண்டும் புகா. குஞ்சுகள் விரல் நீளத்திற்கு மேல் வளர்ந்த பின்பு ஏரியில் விட்டால், பெரும்பாலானவை உளுவையின் வாய்க்கு அடங்கா. மீனைப் பிடிப்பதற்காகவே மதகைத் திறந்து பாசன நீரை வீணாக்குவதும் தகாது. பயிருக்குரிய நீர் பாய்ந்து முடிந்த பின்னரே வலை இறங்குதல் நன்று.

உளுவையும் உண்ணத்தக்க மீனே. பெரிய மீன் வாங்க இயலாத வீட்டிற்கு அது குழம்பாகிறது. ஏரியைக் குத்தகைக்கு விடுங்கால் நஞ்சிடலாகாதென்னும் நிபந்தனையைக் கிராம அதிகாரிகள் குத்தகைதாரருக்கு எடுத்துரைத்தலும், ஆயக்கட்டு நிலமுடையோர் அதனைக் கண்காணித்தலும் இன்றியமையாதன. மீன் ஓராண்டின் வருவாய். ஏரி நீரோ ஊரின் வாழ்வு.