மனைக்காரர் போட்ட சாலையும் மக்கள் காக்கும் பாதையும்

ஊர்ப் பொதுக்காரியம் என்றால், "சர்க்கார் செய்யட்டுமே!" என்பார் ஒருவர். "நமக்கென்ன வந்தது?" என்பார் மற்றொருவர். பேசாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுபவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

அமெரிக்காவில், ஆரகன் மாநிலத்தில், வில்லாமெட் ஆற்றங்கரையில் உள்ளது போர்ட்லண்ட் நகரம். துறைமுகமும் தொழிலும் மிகுந்த ஊர். அதன் மேற்கே மலைச்சரிவில், நகர எல்லைக்குள்ளேயே, ஏறத்தாழ 5,200 ஏக்கரில் ஒரு காடு. பாரஸ்ட் பார்க் என்பது அதன் பெயர். ஆலைச் சத்தமும் கப்பல் சங்கும் கேட்டுக் களைத்த காதுக்கு, அங்கே மரங்களின் அமைதி கிடைக்கிறது.

இந்தக் காடு எளிதில் கிடைத்ததா? இல்லை. 1903-ஆம் ஆண்டிலேயே ஓம்ஸ்டெட் என்ற பூங்கா நிபுணர், "இந்த மலைக்காட்டைப் பொதுவுடைமையாக்குங்கள்" என்று யோசனை கூறினார். கேட்பாரில்லை. மனை வியாபாரம் முந்திக்கொண்டது. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் மலையின் இடுப்பை வெட்டிச் சாலை போட்டார்கள். சாலை வந்தால் மனை விற்கும், மனை விற்றால் பணம் குவியும்! காகிதத்தில் கணக்குச் சரி. மழைக்குக் காகிதக் கணக்குத் தெரியுமா? மண் சரிந்தது, சாலை மூடியது. சாலைக்கென விதித்த தொகையைக் கட்டாமல் பலர் மனைகளைக் கைவிட்டனர். அந்த நிலம் நகராட்சியிடம் வந்து சேர்ந்தது. 1940-களில் பொதுமக்கள் அமைப்புகள் குரல் எழுப்பின. 1948 செப்டம்பரில் காடு பூங்காவாயிற்று.

பூங்கா என்று பலகை நட்டால் போதுமா? அங்குள்ள வைல்ட்வுட் என்னும் ஒற்றையடிப் பாதை மட்டும் 30 மைல் நீளம். மாரிக்காலம் முழுதும் மழை. நகராட்சி ஊழியரோடு தொண்டர்களும் கைகோத்துத்தான் பாதைகளைக் காத்து வருகின்றனர். ஓய்வு நாளில் மண்வெட்டியும் கோடரியுமாக வருகிறார்கள்.

அவர்கள் செய்யும் வேலை என்ன? முதல் வேலை, தண்ணீருக்கு வழிவிடுவது. பாதையிலேயே ஓடும் நீர் பாதையை அரித்துத் தின்றுவிடும். ஆகவே பாதையைப் பள்ளப் பக்கமாகச் சற்றே சாய்த்து வெட்டுகிறார்கள். நீர் குறுக்கே கடந்து இறங்கிவிடுகிறது. சேறாகும் இடத்தில் ஜல்லி. செங்குத்தான இடத்தில் வளைத்து வளைத்து ஏறும் வழி. பாதையை விட்டுக் குறுக்கே இறங்குவோர் கால்பட்டு மண் கரையாமலிருக்க, அங்கே கிளைகளைப் போட்டு அடைப்பு. மரத்தை நெரிக்கும் ஐவிக் கொடியையும் வேரோடு பிடுங்குகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். உழைப்பாளித் தோழர்கள் கேட்கவேண்டிய கேள்விதான். கூலியில்லா உழைப்பு, கூலிக்காரன் வயிற்றில் அடிப்பதாகாதா? ஆகும், ஆட்சியினர் அதைச் சாக்காக்கி ஆட்களைக் குறைத்தால்! தொண்டு, ஊழியனுக்குத் துணையாக நிற்கவேண்டும். அவன் நாற்காலியைப் பறிக்கக்கூடாது. நிதி ஒதுக்காத நகராட்சியை மாலையிட்டு வாழ்த்தும் தொண்டு நமக்கு வேண்டாம். மண்வெட்டி பிடித்த கை, நகராட்சியின் கணக்கையும் புரட்டிப் பார்க்கவேண்டும். அந்த உரிமையும் உழைத்தவனுக்கு உண்டு.

ஒன்றை மறவோம். அன்று மனை விற்கப் போட்ட அதே சாலை இன்றும் காட்டில் இருக்கிறது. மோட்டார் வண்டிகள் அதில் செல்வதில்லை, மக்கள் நடக்கிறார்கள். இலாபத்துக்காகப் போட்டவர்கள் கைவிட்டுப் போனார்கள். நடப்பதற்காக வந்தவர்கள் காத்து நிற்கிறார்கள். எது நிலைத்தது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?