தேதி மாறினால் வரலாறு அழியுமா?

மெல்பர்னில் படிக்க வந்த பிறகுதான் ஜனவரி 26க்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. அரசாங்க நாள்காட்டியில் அது ‘ஆஸ்திரேலிய தினம்’. பூர்வகுடிக் கொடியுடன் ஊர்வலம் செல்வோருக்கு அது ‘படையெடுப்பு தினம்’.

1788ஆம் ஆண்டு அந்நாளில், 11 கப்பல்களில் கைதிகளையும் காவலர்களையும் அழைத்து வந்த ஆர்தர் ஃபிலிப், சிட்னியில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த மக்களுடன் உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளப்படவில்லை. நிலம் பறிபோனது. நோய்களும் படுகொலைகளும் தொடர்ந்தன. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தை நாட்டின் ஆக உயரிய நீதிமன்றம் 1992ல்தான் நிராகரித்தது.

இந்த எதிர்ப்பை இக்கால இளையர்களின் புதுப் பழக்கம் என்று சொல்வோர் உண்டு. ஆனால், 1938லேயே, 150ஆம் ஆண்டு விழா நடந்த அதே நாளில், பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தனர். முழுக் குடியுரிமையும் சம உரிமையும் கோரினர்.

தேதியை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்பது மற்றொரு வாதம். நாடு முழுவதும் ஒரே சீராக ஜனவரி 26ல் விடுமுறை விடுவது 1994 முதல்தான். அந்த ஏற்பாடு என்னைவிடப் பத்துச் சொச்ச ஆண்டுகளே மூத்தது!

அன்று குடியுரிமை பெறும் குடியேறிகளும் பலர். என் மாமா குடும்பத்தினர் அப்படித்தான் பெற்றனர். அவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. வேறு நாளில் உறுதிமொழி எடுத்திருந்தாலும் அது குறைந்திருக்காது.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த 200ஆம் ஆண்டு 2019ல் அனுசரிக்கப்பட்டபோது, ஆற்றங்கரையில் அவரது சிலைக்கு அருகே சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டொக் செங், நாராயண பிள்ளை ஆகியோரின் சிலைகள் வைக்கப்பட்டன. ராஃபிள்ஸ் அங்கேயே இருந்தார். அவருக்கு முன்பு வாழ்ந்தவர்களும் உடன் வந்தவர்களும் கதையில் இடம்பெற்றனர்.

தேதியை மாற்றுவதால் மட்டும் பறிபோன நிலம் திரும்பிவிடாது. ஆயினும், ஜனவரி 26ஐ நினைவுநாளாக வைத்துக்கொண்டு, கொண்டாட்டத்துக்கு வேறொரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வரவிருக்கும் தம்பி தங்கைகளே, அந்த விடுமுறை நாளில் இரு தரப்பினரிடமும் பேசிப் பாருங்கள். பிறகு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.