போதும்பொண்ணு: ஒரு பெயர் அருகிய விதம்

தென் மாவட்டங்களின் வாக்காளர் பட்டியல்களில் போதும்பொண்ணு என்னும் பெயரை இன்றும் காணலாம். ஆனால் அப்பெயரைத் தாங்குவோர் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். தொடக்கப்பள்ளி வருகைப் பதிவேடுகளில் அது அரிதாகிவிட்டது. 'வேண்டாம்' என்னும் பெயரும் அருகிவருகிறது, எனினும் மறையவில்லை. திருத்தணி அருகேயுள்ள நாராயணபுரத்தில் அப்பெயருடன் பெண்கள் பலர் இருப்பதை 2019இல் ஊடகங்கள் வெளிக்கொணர்ந்தன. பெண்ணுக்கு இப்பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அதாவது, சூட்டப்படுவது மகளுக்கு. வேண்டப்படுவது இன்னும் பிறவாத மகன்.

இப்பெயர் அருகியதைச் சமூக முன்னேற்றமாக மட்டும் கொள்வதற்கில்லை. 'போதும்' என்று சொல்வதற்கு மூன்றாவதோ நான்காவதோ பெண் பிறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. இரண்டோடு நிறுத்தும் குடும்பத்தில் அப்பெயருக்கு இடமே இல்லை. மற்றொரு காரணம் ஸ்கேன். பெயரின் வழியே வேண்டியதைக் கருவிலேயே முடித்துக்கொள்ள வழி பிறந்தது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. பெயர் குறைந்தது, பெண் குழந்தைகளின் விகிதம் உயரவில்லை. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே, இப்பெயரைச் சேரிக்கும் குக்கிராமத்துக்கும் உரிய அறியாமையென நகைப்போர் கணக்கைப் பார்ப்பது நன்று. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுமைக்குமான குழந்தைப் பாலின விகிதம் 920ஐ எட்டவில்லை. பட்டியல் சாதியினரிடையே அது 933. இழிவுப் பெயரின் வேரும் குடிசையில் இல்லை. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டுமென மனுஸ்மிருதி (2:31) விதியாகவே எழுதி வைத்தது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரை ஊர் எப்பெயரால் அழைத்தது என்பதை நம் பாட்டன் பாட்டியர் அறிவர்.

மகாராட்டிரத்தின் சாதாராவில் இதே பொருளில் 'நகுசா' என்று பெயரிடுவர். வேண்டாதவள் என்பது பொருள். 2011 அக்டோபரில் 285 சிறுமியருக்கு மாவட்ட நிர்வாகமே புதுப்பெயர்ச் சான்றிதழ் வழங்கியது. தமிழ்நாட்டில் அத்தகைய முகாம் தேவை. ஏனெனில், சட்டத்தின் பொதுவழி கடினமானது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 15ஆம் பிரிவு பிழையான அல்லது முறைகேடான பதிவைத் திருத்தவே இடமளிக்கிறது. போதும்பொண்ணு என்பது சட்டத்தின் பார்வையில் பிழையன்று. வீட்டார் சொன்னதையே பதிவாளர் எழுதினார். எஞ்சுவது அரசிதழ் வழி. அதற்குக் கட்டணம் உண்டு. அரசிதழில் வெளியான பின்னும் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக மாற்றியாக வேண்டும். ஒன்றில் பழைய பெயர் எஞ்சினாலும் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாதவளெனில் விண்ணப்பத்தில் பெற்றோரே கையொப்பமிட வேண்டும். பெரும்பாலும் அப்பெயரை வைத்த அதே பெற்றோர்.