கொச்சி – டெல் அவிவ்: 4,900 கி.மீ. தூரத்துக்கு ஏன் அரை நாள் ஆகிறது?

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போயிருக்கீங்களா? 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத வழிபாட்டுத் தலம் இன்றும் அங்கே இருக்கு. அதைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 1950-களிலும் அதற்குப் பிறகும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தா ஊரைப் பார்க்க வந்தாலும், முதியோர் பராமரிப்பு வேலைக்காக இஸ்ரேல் போன மலையாளிகள் லீவுக்கு வந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் ஆகும்?

தூரம் எவ்வளவு?

நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்திலிருந்து டெல் அவிவின் பென் குரியன் வரை, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 4,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம்னு வைத்தால் 5 மணி 45 நிமிடம். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் ஆறரை மணி நேரம். ஆனால் இது எங்கேயும் நிற்காமல் பறந்தால் வரும் கணக்கு.

எந்த ஊரில் மாறுறீங்க?

துபாய் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கு. அங்கே மாறினால் மொத்த தூரம் சுமார் 4,915 கி.மீ. மும்பை வழியாக 5,100. டெல்லி வழியாக 6,100. அதாவது, டெல்லி போனால் 1,200 கி.மீ. கூடுதல் சுற்று.

யார் வானம்?

வரைபடத்தில் நேர்கோடு இருந்தால் மட்டும் போதாது. கீழே உள்ள நாடு அனுமதிக்கணும். துபாய் – டெல் அவிவ் நேரடிச் சேவையே 2020 நவம்பரில்தான் தொடங்கியது. 2018 மார்ச்சில் ஏர் இந்தியாவின் டெல்லி – டெல் அவிவ் விமானம் சவுதி வான்வெளி வழியாகப் பறந்தது. அந்த அனுமதி இல்லாத இஸ்ரேலின் எல் அல், மும்பைக்கு வர செங்கடல் வழியாக அரேபியாவையே சுற்றியது. சுமார் இரண்டு மணி நேரம் வீண். 2022-ல் சவுதியும் 2023-ல் ஓமனும் கதவைத் திறந்தன.

கடிகாரம் ஏமாற்றும்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இஸ்ரேல் நமக்குக் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும், கோடையில் இரண்டரை மணி நேரமும் பின்னால். குளிர்காலத்தில் காலை 10 மணிக்குக் கொச்சியில் ஏறி மாலை 6 மணிக்கு அங்கே இறங்கினால், பார்க்க 8 மணி நேரம் மாதிரி தெரியும். உண்மையில் பதினொன்றரை: துபாய் வரை 4, காத்திருப்பு 4, மீதி மூன்றரை. திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தள்ளிவிடுவதால் பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும்.

டிக்கெட் போடும் முன்

புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பார்க்காதீங்க. 'மொத்தப் பயண நேரம்' என்ற வரியைப் பாருங்க. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியா எடுத்தால், முதல் விமானம் தாமதமானதால் அடுத்ததைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தப் பகுதியில் பதற்றம் வந்தால் வான்வெளி ஒரே இரவில் மூடப்படலாம். கிளம்பும் நாளில் மறுபடி ஒருமுறை செக் பண்ணிக்கோங்க.